2027 ஜனவரியில் காப்பீட்டு ஒப்பந்தம் முடிகிறது: புது டெண்டரில் எதை மாற்றச் சொல்லிக் கேட்பது?

பாலாறு_76 கேட்டது:

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு தமிழ்நாடு அரசு 2022 ஜனவரி 11 முதல் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது. டெண்டரில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு நிற்கும். நடுவில் திருத்துவது பெரும்பாடு. அதனால் எங்கள் மாவட்டத்துத் தொழிற்சங்கங்களும் நுகர்வோர் குழுக்களும் சேர்ந்து சுகாதாரத் துறைக்கு ஒரு மனு எழுதுகிறோம்.

இப்போதைய நிலை: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் (முன்பு 72,000). ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 2022-இல் ஒப்பந்தம் தொடங்கியபோது பட்டியலில் இருந்தவை 1,090 சிகிச்சைகள், 52 பரிசோதனைகள், 8 தொடர் சிகிச்சைகள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய், முழுதும் அரசே கட்டுகிறது.

வரைவில் இருக்கும் கோரிக்கைகள் நாலு. 5 லட்சத்தைப் 10 லட்சமாக்குவது, வருமான வரம்பை 3 லட்சமாக்குவது, புறநோயாளி செலவையும் சேர்ப்பது, காப்பீட்டு நிறுவனத்தை நீக்கிவிட்டு அரசே நேரடியாக நடத்துவது. எது உருப்படியானது, எது வெறும் முழக்கம், எதை விட்டுவிட்டோம்? உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காப்பீட்டு_மேசை பதில்:

முதல் கோரிக்கையை எடுத்துவிடுங்கள் சார். 2023-இல் ராஜஸ்தான் 25 லட்சம் என்றது, அதே ஆண்டு டிசம்பரில் ஆந்திர அரசின் மருத்துவத் திட்டமான ஆரோக்யஸ்ரீயும் 25 லட்சம் என்றது. செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும், அவ்வளவுதான். டயாலிசிஸ், இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட், எலும்பு முறிவு, கீமோ என்று வரும் கிளெய்ம்களில் பெரும்பாலானவை 5 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி அதைத் தாண்டுகிறவற்றுக்கு அரசு ஏற்கெனவே தனித் தொகுப்பு நிதி வைத்திருக்கிறது. உச்சவரம்பை ஏற்றினால் டெண்டர் போடுகிறவன் அந்த ஆபத்தையும் பிரீமியத்தில் ஏற்றிக் கேட்பான். அந்தக் காசை வேறு இடத்தில் போட்டால் நோயாளிக்கு உண்மையாகவே பயன்படும்.

கேட்க வேண்டிய கேள்வி, அட்டை கையில் இருந்தும் நோயாளி எங்கே பணம் எடுத்து வைக்கிறார் என்பது. முக்கியமாக இரண்டு இடம்.

ஒன்று, முன் அனுமதி வருவதற்கு முன்னால். மருத்துவமனை ப்ரீ-ஆத் (முன் அனுமதி விண்ணப்பம்) அனுப்ப வேண்டுமென்றால் நோய் இன்னதென்று காட்டும் ஆவணம் வேண்டும். நெஞ்சுவலிக்காரர் என்றால் இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோ படமும் ரிப்போர்ட்டும். அனுமதி வரும்வரை அவர் ‘கேஷ் நோயாளி’. அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். அடைப்பு இருந்து அனுமதி வந்துவிட்டால் அந்தப் பணம் திரும்ப வர வேண்டும், பல இடங்களில் ‘வார்டு சார்ஜ்’ என்று கழித்துவிடுகிறார்கள். அடைப்பே இல்லை, மாத்திரை போதும் என்று தெரிந்தால் பேக்கேஜும் (அந்தச் சிகிச்சைக்கென்று திட்டம் மருத்துவமனைக்குத் தரும் தொகை) கிடையாது, கட்டிய பணமும் போச்சு. பரிசோதனைகளும் பட்டியலில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவசரத்தில் வருகிறவருக்கு அந்தப் பட்டியலைப் பயன்படுத்த நேரமும் இல்லை, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை.

மனுவில் இப்படி எழுதுங்கள்: அட்டை காட்டிய நிமிடத்திலிருந்து எந்த முன்பணமும் வாங்கக் கூடாது. பட்டியல் சிகிச்சைக்காக எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தாலும் அந்தப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குத் தொகை வர வேண்டும். இந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி நடக்காது. தனக்கு வராத காசை மருத்துவமனை யாரிடமாவது வாங்கத்தான் பார்க்கும்.

இரண்டு, ‘டிஃபரன்ஸ்’. “காப்பீட்டில் வர்றது சாதா ஸ்டென்ட், நல்லது வேணும்னா மேல கட்டுங்க” என்கிறார்கள். மருந்து பூசிய ஸ்டென்டுக்கு மத்திய விலை ஆணையம் 2017 பிப்ரவரியிலேயே 29,600 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது, பிறகு அவ்வப்போது திருத்துகிறது. செயற்கை முழங்கால் மூட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் வைத்தது. ஆகவே, ஸ்டென்டுக்கென்று கூடுதலாக ஒரு லட்சம் கேட்டால் அதற்கு நியாயமே கிடையாது. இம்ப்ளான்ட் (உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட், மூட்டு போன்றவை) உறையில் இருக்கும் ஸ்டிக்கரைக் கிளெய்முக்காக மருத்துவமனை அனுப்பத்தான் வேண்டும். அதே ஸ்டிக்கரின் ஒரு பிரதி டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டப்பட வேண்டும், பேக்கேஜ் தொகை எவ்வளவு அனுமதிக்கப்பட்டது என்று நோயாளியின் செல்லுக்குத் தமிழில் குறுஞ்செய்தி போக வேண்டும் என்று கேளுங்கள். தனக்காக 80,000 அனுமதி ஆகியிருக்கிறது என்று தெரிந்தவரிடம் மேல்காசு கேட்பது அவ்வளவு எளிதல்ல.

அடுத்து, கொரி. அனுமதி கேட்ட கோப்பில் சந்தேகம் என்று திருப்பி அனுப்புவது. காலையில் “புகைப்படம் தெளிவாக இல்லை”, சாயங்காலம் “எக்கோ ரிப்போர்ட்டில் தேதி இல்லை”, மறுநாள் “வேறு கோணத்தில் எக்ஸ்ரே”. ஒவ்வொரு கொரிக்கும் கெடு புதிதாக ஓட ஆரம்பிக்கிறது, நோயாளி பெட்டில் கிடக்கிறார். எல்லாச் சந்தேகத்தையும் ஒரே தடவையில்தான் கேட்க வேண்டும், அவசர சிகிச்சைக்கு ஆறு மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் அனுமதி ஆனதாகவே கொள்ள வேண்டும், மறுத்தால் அதே துறை மருத்துவர் தன் பதிவு எண்ணோடு காரணம் எழுத வேண்டும். மறுப்புக் கடிதம் நோயாளி கைக்கும் வர வேண்டும். இப்போது மருத்துவமனை கணினியில் மட்டும்தான் அது தெரிகிறது. “இன்சூரன்ஸ்ல ஒத்துக்கல” என்று வாயால் சொல்வதை அவர் நம்பித்தான் ஆக வேண்டும். சில சமயம் மருத்துவமனை விண்ணப்பமே போட்டிருக்காது.

மருத்துவமனை பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பேக்கேஜ் தொகையை டெண்டர் காலம் முழுக்க அப்படியே வைத்திருந்தால், மூன்றாம் வருடத்திலிருந்து “காப்பீட்டு பெட் காலி இல்லை” என்ற பதில் வர ஆரம்பிக்கும். நர்ஸ் சம்பளம், ஆக்சிஜன், மின்சாரம் எல்லாம் ஏறுகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை தொகையைத் திருத்த வேண்டும் என்பதையும், காலி பெட் எண்ணிக்கையை வாசலில் எழுதிப்போட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டால் மற்றதால் ஏமாற்றுவார்கள்.

ஓலைப்பெட்டி பதில்:

மேலே சொன்னது எல்லாம் அட்டை இருக்கிறவர் கதை. ஆபத்து வந்த பிறகுதான் பலர் அட்டைக்கே ஓடுகிறார்கள், அதை எழுத மறக்காதீர்கள்.

இப்போதைய வழி: வி.ஏ.ஓ. அல்லது வருவாய்த் துறையிடம் வருமானச் சான்று, ரேஷன் ஸ்மார்ட் கார்டு நகல், குடும்பத்தார் ஆதார், இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறவருக்கு வண்டிக் கூலியோடு ஒரு நாள் கூலியும் போகும். வி.ஏ.ஓ.வைப் பிடிக்க இன்னொரு நாள். ஐ.சி.யூ.வில் அப்பா கிடக்கும்போது மகன் இந்த வேலையாக அலைவான்.

வருமான வரம்பு விஷயம் இன்னும் மோசம். 1,20,000 என்றால் மாதம் 10,000. ஒரு கொத்தனார் உதவியாள் 600 ரூபாய் கூலிக்கு மாதம் 25 நாள் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 1,80,000 ஆகிவிடும், கணக்குப்படி அவருக்குத் தகுதியே இல்லை. நேர்மையாக எழுதும் வி.ஏ.ஓ. அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். நடப்பதோ, எல்லோருக்கும் ஒரே மாதிரி 84,000, 96,000 என்று சான்று வருகிறது. யாரும் சரிபார்க்க முடியாத ஒரு எண்ணுக்காக மக்களை நடக்கவிடுகிறோம்.

இதற்கு 3 லட்சம் என்று கோட்டைத் தள்ளி வைப்பது மருந்தல்ல. சான்றே வேண்டாம் என்று கேளுங்கள். முன்னுரிமைக் குடும்ப அட்டையும் அந்தியோதயா அட்டையும் வைத்திருப்பவர்களை உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. அவர்கள் தானாகவே உள்ளே வர வேண்டும், ஸ்மார்ட் கார்டு எண்ணே காப்பீட்டு எண்ணாக இருக்க வேண்டும். மற்ற அட்டைக்காரர்களில் விரும்புகிறவர்கள் மட்டும் வருமானச் சான்றோடு வரட்டும்.

சேரும் இடத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் யார் யார் என்று தனிப் பத்தியாக எழுதுங்கள். புதிதாகக் கல்யாணமான பெண்: பிறந்த வீட்டு அட்டையில் பெயர் நீக்கியாச்சு, புகுந்த வீட்டு அட்டையில் இன்னும் சேர்க்கவில்லை, நடுவில் எந்தக் காப்பீடும் இல்லை, அந்த இடைவெளியில்தான் முதல் கர்ப்பமும் வருகிறது. கணவனைப் பிரிந்து வாழ்கிற பெண்: அட்டை அவன் கையில். குடும்பத் தலைவர் இறந்து அட்டை மாற்றாதவர்கள். ஆதாரில் ‘முத்துலெட்சுமி’, ரேஷன் அட்டையில் ‘முத்துலட்சுமி’ என்று இருப்பவர்கள். பெயர் நீக்கியதற்கான சான்று ஒன்றையே 90 நாளைக்குத் தகுதிச் சான்றாக ஏற்க வேண்டும், எழுத்துப் பிழையை மருத்துவமனைத் தொடர்பு அலுவலரே அங்கேயே திருத்தும் அதிகாரம் வேண்டும்.

இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது, ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளரும் தொழிலாளர் துறைச் சான்றோடு சேரலாம். இவை விதியில் ஏற்கெனவே உள்ளவை. புது டெண்டரில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலிப் பதிவு பற்றிக் கட்டாயம் எதிர்க்கேள்வி வரும். இதோடு இணைந்து நடக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டம் பற்றி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருப்பதாகச் சொன்னது. சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் சந்தேகப் பதிவை நள்ளிரவில் நீக்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் வைத்து ஒருவர் அதைத் தெரிந்துகொள்வது நடக்கக் கூடாது. முதலில் நோட்டீஸ், 60 நாள் அவகாசம், அதுவரை சிகிச்சை தொடர வேண்டும்.

கணக்குநோட்டு பதில்:

நாலாவது கோரிக்கை, அதாவது நிறுவனமே வேண்டாம் என்பது பற்றி மட்டும்.

ஆந்திராவில் 2007-இல் ஆரோக்யஸ்ரீ காப்பீட்டு நிறுவனத்தோடு தொடங்கிப் பிறகு அரசு அறக்கட்டளையே நேரடியாக நடத்தும் முறைக்கு மாறியது. கேரளம் 2020 ஜூலையிலிருந்து மாநில சுகாதார முகமை வழியாகத் தானே நடத்துகிறது. இரண்டிலும் காப்பீட்டுக்காரனுக்குப் போகிற இலாபம் மிச்சம். இரண்டிலும் மருத்துவமனைகளுக்குப் பாக்கி ஏறி, “இனி அட்டை எடுக்க மாட்டோம்” என்ற அறிவிப்புகளும் வந்தன. காரணம் எளிது. பிரீமியம் கட்டிவிட்டால் அந்தப் பணம் கருவூலத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. நேரடி முறையில் ஒவ்வொரு கிளெய்மும் நிதித் துறையின் கையிருப்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கஷ்டமான மாதத்தில் முதலில் தள்ளிப்போவது இதுதான்.

அதே சமயம் இப்போதைய முறையின் கோளாறையும் பாருங்கள். குறைந்த பிரீமியம் கேட்பவனுக்கு ஒப்பந்தம். குறைத்துக் கேட்டவன் நட்டத்தை எங்கே ஈடுகட்டுவான்? கொரியிலும் மறுப்பிலும் தொகையைக் கழிப்பதிலும்தான். காப்பீட்டு மேசை சொன்ன கொரிகளுக்குப் பின்னால் இருப்பது சோம்பேறித்தனம் இல்லை, இந்தக் கணக்கு.

நடுவழி ஒன்று உண்டு. சுமார் 1.4 கோடி குடும்பம், 849 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,190 கோடி. இதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியமாகத் தராமல், தனி வங்கிக் கணக்கில் காலாண்டுக்கு ஒரு முறை முன்கூட்டியே போட வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து கிளெய்ம் தவிர வேறெதற்கும் ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. கோப்புப் பார்க்கும் வேலைக்கு மட்டும் டெண்டர், ஒரு கோப்புக்கு இவ்வளவு என்று. மறுத்தாலும் அனுமதித்தாலும் அவனுக்கு ஒரே கூலி. மீதம் அடுத்த ஆண்டுக்குப் போகட்டும்.

இதற்கு அரசு ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைந்தபட்சம் இதைக் கேளுங்கள்: பிரீமியத்தில் 85 சதவீதமாவது கிளெய்மாகப் போக வேண்டும், குறைந்தால் வித்தியாசம் அரசுக்குத் திரும்ப வேண்டும், 115 சதவீதத்தைத் தாண்டினால் நட்டத்தை இருவரும் பகிர வேண்டும். நட்டத்தைப் பகிரும் பாதியை எழுதாமல் விட்டால் டெண்டரில் பிரீமியம் தாறுமாறாக ஏறும்.

வருமான வரம்பு பற்றி ஒரு எச்சரிக்கை. ஆயுஷ்மானில் மத்திய அரசு 60 சதவீதம் தருவது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் வந்த சுமார் 77 லட்சம் குடும்பங்களுக்குத்தான். 849 ரூபாயில் அது கணக்குப்படி 392 கோடி அளவு. மீதி முழுதும் மாநிலத்தின் தலையில். ஒரு பேச்சுக்கு இன்னும் 40 லட்சம் குடும்பங்களைச் சேர்த்தால், இதே பிரீமியத்தில் 340 கோடி கூடுதல், அதில் மத்தியப் பங்கு சுழியம். அதற்காகக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2011 பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லி மத்திய அரசுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பாலாறு_76:

மிக்க நன்றி. உச்சவரம்பை எடுத்துவிட்டோம். புறநோயாளி செலவு பற்றி யாரும் சொல்லவில்லையே? ஏழைக் குடும்பத்தில் மாதாமாதம் காசு போவது அங்கேதான். சங்கத்தில் இதை விடவே மாட்டேன் என்கிறார்கள்.

மணல்மேடு பதில்:

அவர்கள் ஆதங்கம் நியாயமானது, கேட்கும் இடம்தான் தவறு. புறநோயாளி செலவைக் காப்பீட்டில் போட்டால் ஒவ்வொரு சளிக்கும் ஒரு கிளெய்ம், ஒவ்வொரு கிளெய்முக்கும் ஒரு ஸ்கேன். கோப்புப் பார்க்கும் செலவு வைத்தியச் செலவைத் தாண்டும். நம்மிடம் வேறு ஏற்பாடு இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து மாநில அரசின் மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தக் குழாயைத்தான் அகலப்படுத்த வேண்டும்.

காப்பீட்டுக்கும் அதற்கும் நடுவில் பாலம் இல்லை என்பதே குறை. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையையும் சேர்த்து வழக்கமாக ஓராண்டு விடாமல் சாப்பிட வேண்டும். தனியார் மருத்துவமனை டிஸ்சார்ஜில் சில நாள் மாத்திரை கொடுத்து, ஒரு கம்பெனிப் பெயரில் சீட்டு எழுதுகிறது. இரண்டாம் மாதம் மருந்துக்கடையில் காசு இல்லை. மாத்திரை நின்றால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரும். அரசு செலவழித்த பேக்கேஜ் தொகையும் வீண், ஆளும் போய்விடுவார்.

மனுவில் எழுத வேண்டியது: டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் மூலப்பெயர் எழுத வேண்டும். அதன் பிரதி அன்றே நோயாளி ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கணினி வழியாகப் போக வேண்டும். மருத்துவமனை 30 நாள் மருந்தைக் கையில் கொடுக்க வேண்டும், அதற்குள் நிலையம் அந்த மருந்தை வரவழைக்க வேண்டும். கிளெய்மின் கடைசி 5 சதவீதத்தை, நோயாளி பெயர் நிலையத்துப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் விடுவிக்க வேண்டும். அந்த 5 சதவீதம் இருந்தால் மருத்துவமனையே கூப்பிட்டுக் கேட்கும், “மாத்திரை வாங்கிட்டீங்களா?” என்று. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்வரும் வண்டிச் செலவையும் இதே பத்தியில் சேருங்கள். சிகிச்சை இலவசம்தான், பஸ்சுக்குக் காசில்லாமல் நடுவில் விடுகிறார்கள்.

ஓலைப்பெட்டி பதில்:

மணல்மேடு சொன்னதோடு ஒன்று. அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் கிளெய்ம் போட்டுத் தொகை வாங்குகின்றன. ஜி.எச்.சுக்கு அந்த வருமானம் தேவை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே சிகிச்சை அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசம். “அட்டை கொண்டுவந்தாத்தான் ஆபரேஷன் தேதி” என்று சொன்னால் அது தவறு. தேதி முதலில், காகிதம் பிறகு, அட்டை இல்லாதவரை வார்டிலேயே பதிய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். விபத்துக்கு இந்த வழியை அரசே காட்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு அட்டையும் கேட்பதில்லை, எந்த மாநிலத்தவர் என்றும் கேட்பதில்லை.

காப்பீட்டு_மேசை பதில்:

புகார்ப் பகுதியையும் சேர்த்துவிடுங்கள். இப்போது 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது, மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் குறைதீர்க் குழுவும் இருக்கிறது. புகார் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தோற்பது காகிதம் இல்லாததால். பணம் வாங்கும் மருத்துவமனை ரசீதில் ‘காப்பீடு’ என்று போடாது, ‘பார்மசி’, ‘லேப்’ என்று போடும், இல்லையென்றால் ரசீதே தராது. அதனால் நிரூபிக்கும் சுமையை மாற்றச் சொல்லுங்கள். அட்டை நோயாளி உள்நோயாளியாக இருந்த தேதிகளில் அவர் பெயரில் வாங்கிய எந்தத் தொகையும் திட்டத்துக்கு விரோதமானது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று மருத்துவமனைதான் காட்ட வேண்டும். வாங்கியதுபோல் இரண்டு மடங்கை அடுத்த கிளெய்மில் பிடித்து 15 நாளில் நோயாளி கணக்கில் போட வேண்டும். நீதிமன்றம், வழக்கு என்று எழுதாதீர்கள், கூலிக்காரர் அதற்குப் போக மாட்டார்.

மருத்துவமனை வாரியாக எத்தனை விண்ணப்பம், எத்தனை மறுப்பு, சராசரியாக எத்தனை மணி நேரம், எத்தனை புகார் என்பதை மாதாமாதம் இணையத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு மாவட்டத்தில் மட்டும் கர்ப்பப்பை அகற்றும் அறுவை திடீரென்று கூடினால் அந்தப் பட்டியலில்தான் முதலில் தெரியும். மனுவோடு ஒரு மாதிரிப் படிவத்தையும் இணையுங்கள், ஒரே பக்கம், பத்துக் கட்டம். படிவம் தயாராக இருந்தால் அதிகாரிக்கு “பரிசீலிக்கிறோம்” என்று சொல்லி ஒதுக்குவது கொஞ்சம் கஷ்டமாகும்.